இட்லி மாவு பொங்கும் இடத்தில் மிளகாய் விதையும் முளைக்கும்

ஒரு வாசகர் அனுப்பிய கேள்வி இதுதான். கனடாவில் டொராண்டோ பக்கம் பிராம்ப்டனில், தரைக்குக் கீழே இருக்கும் பேஸ்மென்ட் வீடு. பிப்ரவரி கடைசியில் மிளகாயும் கத்தரியும் விதைத்து இருபது நாள் ஆகிவிட்டது, ஒன்றுகூடத் தலைகாட்டவில்லை. சூடு போதவில்லையோ என்று ரைஸ் குக்கரில் 'வார்ம்' போட்டு ஒரு டப்பா விதையை ஒரு ராத்திரி வைத்துப் பார்த்திருக்கிறார், அதிலும் ஒன்றும் வரவில்லை. இப்போது இன்ஸ்டன்ட் பாட் என்கிற மின்சாரப் பிரஷர் குக்கரில் இருக்கிற தயிர் பொத்தானைப் போட்டு முளைக்க வைக்கலாமா, இல்லை அதுவும் விதையைக் கொன்றுவிடுமா என்று கேட்கிறார்.

வைக்கலாம். நான் ஸ்கார்பரோவில் பல வருடமாக அப்படித்தான் செய்கிறேன். ஆனால் பொத்தானை நம்பி வைக்கக்கூடாது, தெர்மாமீட்டரை நம்பி வைக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் கைப்பழக்கம்தான். சமையலறையில் இட்லி மாவு நன்றாகப் பொங்கும் சூடு எதுவோ, ஏறக்குறைய அதுவே மிளகாய், கத்தரி விதைக்குப் பிடித்த சூடும். 28-இலிருந்து 32 டிகிரி செல்சியஸ். பனிக்காலத்தில் இந்த நாட்டில் மாவு புளிக்க வைக்க நாம் என்னென்ன வழி கண்டுபிடித்தோமோ, ஓவன் விளக்கு, தயிர் பொத்தான், வெந்நீர் டம்ளர் வைத்த மைக்ரோவேவ், எல்லாவற்றையும் விதைக்கும் பயன்படுத்தலாம். தயிருக்கான சூடு இதைவிடக் கொஞ்சம் அதிகம், அங்கேதான் கவனம் வேண்டும்.

முதலில் உங்கள் விதை ஏன் வரவில்லை என்று பார்ப்போம். கெட்ட விதை என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். பேஸ்மென்டில் காற்று 18 டிகிரி என்றால், ஈரமான மண் அதைவிட இரண்டு டிகிரியாவது குறைவாகத்தான் இருக்கும், ஏனென்றால் ஈரம் ஆவியாகும்போது மண்ணின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும், மண்பானையில் தண்ணீர் குளிர்கிற அதே கதை. அந்தத் தட்டை சிமெண்ட் தரையிலோ ஜன்னல் ஓரத்திலோ வைத்திருந்தால் ராத்திரியில் இன்னும் இறங்கும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹாரிங்டன், மிஞ்சஸ் என்ற இருவர் காய்கறி விதை ஒவ்வொன்றும் எந்த மண்சூட்டில் எத்தனை நாளில் வெளியே வரும் என்று அளந்து 1954-இல் வெளியிட்ட அட்டவணையைத்தான் இன்றைக்கும் பலரும் பின்பற்றுகிறார்கள். அதில் மிளகாய் வகைக்கு 15 டிகிரியில் 25 நாள், 20 டிகிரியில் பன்னிரண்டு பதின்மூன்று நாள், 25-இல் எட்டு நாளுக்குக் கொஞ்சம் மேல், 30-இல் ஏழரை நாள். 35-இல் மறுபடியும் நாள் கூட ஆரம்பிக்கிறது, 40-இல் ஒன்றும் வராது. கத்தரிக்கு 20 டிகிரியில் 13 நாள், 30-இல் ஐந்தே நாள். உங்கள் மண் 16 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் இருபது நாள் என்பது தாமதமே இல்லை, மிளகாய் கணக்குப்படி நடக்கிறது.

மிளகாய்க்கு ஏன் இவ்வளவு சூடு வேண்டும் என்று தெரிந்துகொண்டால் பொறுமையும் வரும். விதை தண்ணீர் உறிஞ்சுவது குளிரிலும் நடக்கும், ஒரு நாளில் ஊறிவிடும். ஆனால் மிளகாய், தக்காளி விதைக்குள் முளைவேரின் நுனியை மூடியபடி கெட்டியான உணவுத் திசு ஒன்று தொப்பி மாதிரி இருக்கிறது. விதை நொதிகளைச் சுரந்து அந்தத் தொப்பியைக் கரைத்து இளக்கினால்தான் வேர் முட்டிக்கொண்டு வெளியே வரும். இந்த இளக்கும் வேலைதான் சூட்டைப் பொறுத்து வேகமாகவும் மெதுவாகவும் நடப்பது. குளிரில் விதை ஊறிப்போய்க் காத்துக்கொண்டே கிடக்கும், அந்த நேரத்தில் பூஞ்சைக்கு மட்டும் ஓய்வே கிடையாது. மூன்று வாரம் ஈரமண்ணில் கிடந்த விதை பல சமயம் அழுகுவது இதனால்தான். சூடு கொடுப்பதன் உண்மையான லாபம் நாள் குறைவது மட்டும் இல்லை, பூஞ்சைக்கு முன்னால் விதை முந்திக்கொள்வதும்தான்.

ஊரில் இதைப் புதிதாகச் சொல்லித் தரவே தேவையில்லை. விதைநெல்லை ஒரு நாள் ஊறவைத்து, தண்ணீர் வடித்து, கோணிச்சாக்கில் கட்டி, மேலே வைக்கோல் போட்டு மூடி வைப்பார்கள். அடுத்த நாள் சாக்குக்குள் கையை விட்டால் கதகதவென்று இருக்கும். ஊறிய நெல் மூச்சுவிடும்போது வருகிற சூட்டை வெளியே போகவிடாமல் அதற்கே திருப்பிக் கொடுக்கிற ஏற்பாடு அது. மூட்டை ரொம்பச் சூடேறினால் பிரித்துக் கிளறிவிட்டு, தண்ணீர் தெளித்து, மறுபடி கட்டுவார்கள். அதாவது சூட்டைக் கையால் அளந்துகொண்டே இருந்தார்கள். நம்மிடம் ஒரு மூட்டை நெல் இல்லை, முப்பது மிளகாய் விதைதான் இருக்கிறது, அது தானாகச் சூடேறாது, அதனால் சூட்டை வெளியிலிருந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. அளக்கிற வேலை மட்டும் அப்படியே பாக்கி இருக்கிறது.

இப்போது ரைஸ் குக்கர். 'வார்ம்' என்பது நம் கைக்கு இதமான சூடு என்று நினைத்துவிட்டீர்கள். அது சோறு கெட்டுப்போகாமல் இருப்பதற்கான சூடு, கிருமி வளராமல் இருக்க 60 டிகிரிக்கு மேல் இருந்தாக வேண்டும், பெரும்பாலான குக்கர்கள் 65, 70 வரை போகும். ஊறின விதை அந்தச் சூட்டில் ஒரு ராத்திரி கிடந்தால் உள்ளே இருக்கும் கரு வெந்துவிடும், அவ்வளவுதான். ஸ்லோ குக்கரின் 'வார்ம்' அதைவிடவும் மோசம். இந்த இரண்டையும் மறந்துவிடுங்கள், மூடியைத் திறந்து வைத்தால் சரியாகிவிடாதா, துணி போட்டு மேலே வைத்தால் ஆகாதா என்று பரிசோதனை செய்து நல்ல விதையை வீணாக்க வேண்டாம்.

இங்கே ஒருவர் கண்டிப்பாகக் கேட்பார், நோய் வராமல் இருக்க விதையை 50 டிகிரி வெந்நீரில் போடுகிறார்களே, அதில் சாகாதது இதில் எப்படிச் சாகும் என்று. அந்த வெந்நீர் நேர்த்தி உண்மைதான், தக்காளி விதைக்கு 50 டிகிரியில் 25 நிமிடம் என்று கணக்கு. ஆனால் அது காய்ந்த விதை, அரைமணி நேரத்துக்கும் குறைவு, உடனே குளிர்ந்த தண்ணீருக்கு மாற்றிவிடுவார்கள். அதிலும் ஓரிரு டிகிரி கூடினால் விதை போகும். ஊறி விழித்துக்கொண்ட விதையை மணிக்கணக்கில் சூட்டில் வைப்பது வேறு விஷயம்.

சரி, இன்ஸ்டன்ட் பாட். இது ஒட்டாவாவில் பிறந்த சாமான், 2010-இல் சந்தைக்கு வந்தது, இந்த ஊரில் அது இல்லாத தமிழ் வீட்டைப் பார்ப்பது கஷ்டம். தயிர் பொத்தான் உள்ள மாடல்களில் அந்த ஒரே பொத்தானுக்குள் மூன்று சூடு இருக்கும். 'மோர்' (ஆங்கில More, குடிக்கிற மோர் இல்லை) என்பது பால் காய்ச்சுவது, 80 டிகிரியைத் தாண்டும், திரையில் 'பாயில்' என்று வரும், அது வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். 'நார்மல்' தயிர் உறைகிற சூடு, சுமார் 36-இலிருந்து 43 டிகிரி. 'லெஸ்' என்பது சீனர்கள் அரிசியைப் புளிக்கவைத்துச் செய்யும் ஒரு இனிப்புக்காக வைத்தது, சுமார் 30-இலிருந்து 34. நமக்கு வேண்டியது இந்த 'லெஸ்'தான், வேறு ஒன்றும் இல்லை. சில மாடல்களில் 'லெஸ்' இருக்காது, சிலவற்றில் 'லோ' என்று இருக்கும், சிலவற்றில் சூட்டை நாமே டிகிரி கணக்கில் வைக்கலாம், அப்படி இருந்தால் 30 என்று வைத்துவிட்டு நிம்மதியாக இருங்கள். 'நார்மல்' மட்டும்தான் இருக்கிறது என்றாலும் வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

நான் செய்கிற விதம் இது. உள்பாத்திரத்தில் இரண்டு கப் சாதாரணத் தண்ணீர் ஊற்றி, அதோடு வருகிற கம்பி ஸ்டாண்டை வைத்து, ஸ்டாண்டு மேல் ஒரு கிண்ணமோ தட்டோ வைக்கிறேன், தண்ணீர் கிண்ணத்தைத் தொடக்கூடாது. தண்ணீர் எதற்கு என்றால், இந்தப் பானையின் சூடு அறியும் கருவி அடியில் இருக்கிறது, வெறும் பாத்திரமாக இருந்தால் அடி குபீரென்று சூடாகி, அணைந்து, மறுபடி சூடாகி ஊசலாடிக்கொண்டே இருக்கும். தண்ணீர் இருந்தால் அந்த ஊசலாட்டம் மட்டுப்படும். மூடியைப் பூட்டவே கூடாது. கண்ணாடி மூடி இருந்தால் அதைச் சாய்த்து வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு தட்டைப் பாதி மூடினாற்போல வையுங்கள். விதை வைப்பதற்கு முன்னால் வெறும் கிண்ணத்தை வைத்தே இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, விதை இருக்கப்போகும் இடத்தில் தெர்மாமீட்டர் முனையை வைத்துப் பாருங்கள். இறைச்சி வெந்ததா என்று பார்க்கிற குச்சித் தெர்மாமீட்டரே போதும். என் பானையில் 'லெஸ்' போட்டு மூடியைச் சாய்த்து வைத்தால் கிண்ணத்தில் 29, 30-இல் நிற்கும். 'நார்மல்' போட்டபோது, ஸ்டாண்டு மேல் ஒரு மடித்த துணியையும் போட்டு, மூடியை நன்றாகத் திறந்து வைத்த பிறகுதான் 33-க்கு வந்தது. உங்கள் பானையில் எண் வேறாக இருக்கும், அதனால்தான் அளக்கச் சொல்கிறேன். 35-ஐத் தாண்டினால் இன்னும் திறங்கள், இன்னும் உயரத்தில் வையுங்கள்.

மண்ணையோ தொட்டியையோ உள்ளே வைக்காதீர்கள், இடமும் போதாது, அது சமைக்கிற பாத்திரமும்கூட. விதையை ஈரத்தாளில் வையுங்கள். கிச்சன் டவல் தாளைவிட காபி வடிகட்டும் தாள் நல்லது, வேர் அதில் பின்னிக்கொள்ளாது. தாளை நனைத்து நன்றாகப் பிழிந்துவிடுங்கள், இரண்டு விரலால் அழுத்தினால் சொட்டு விழக்கூடாது, தொட்டால் மட்டும் குளிர்ச்சி தெரிய வேண்டும். விதைகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, மடித்து, ஜிப் பையில் போட்டு, பையை முழுக்க மூடாமல் ஒரு விரல் அகலம் திறந்து விடுங்கள். பை மேலேயே மிளகாயா கத்தரியா, என்றைக்கு வைத்தது என்று எழுதிவிடுங்கள், மூன்று நாள் கழித்து எல்லாப் பையும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

இந்தக் காற்று விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. முளைக்கிற விதை மூச்சுவிடுகிறது, சூடு கூடக்கூட இன்னும் வேகமாக மூச்சுவிடுகிறது. சொதசொதவென்று ஈரமும் சூடும் சேர்ந்து காற்றும் இல்லையென்றால் விதை மூச்சுமுட்டிச் செத்துவிடும், அப்புறம் நாற்றம்தான் வரும். தெர்மாஸில் வெந்நீர் ஊற்றி விதையைப் போட்டு மூடிவைக்கிறேன் என்று செய்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. தினம் ஒரு தடவை பையைத் திறந்து, விதையைப் பார்த்து, தாள் காய்ந்திருந்தால் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, மறுபடி வையுங்கள். வழவழப்போ புளித்த வாடையோ வந்தால் விதையைக் கழுவிப் புதுத் தாளுக்கு மாற்றுங்கள்.

அடுத்த கேள்வி நீங்கள் கேட்காதது, ஆனால் கேட்டிருக்க வேண்டியது. தயிர் பொத்தான் குறிப்பிட்ட நேரம் ஓடி நின்றுவிடும், ராத்திரி எழுந்து மறுபடி போட வேண்டுமா? வேண்டாம். நேரத்தைக் கூட்டி வைக்கவும் முடியும், ஆனால் அதற்கும் அவசியம் இல்லை. சர்வதேச விதைப் பரிசோதனைச் சங்கத்தின் விதிமுறையில் மிளகாய், கத்தரி, தக்காளி மூன்றுக்கும் முளைப்புத்திறன் பார்ப்பதற்கு 20-க்கும் 30-க்கும் மாற்றி மாற்றிச் சூடு வைக்கச் சொல்லியிருக்கிறது, ஒரு நாளில் 16 மணி நேரம் 20 டிகிரி, 8 மணி நேரம் 30 டிகிரி. வெளியே மண்ணில் பகலும் இரவும் நடப்பது இதுதானே. கத்தரி விதைக்கு, அதுவும் பழத்திலிருந்து எடுத்துக் கொஞ்ச நாளே ஆன விதைக்கு, இந்த ஏற்ற இறக்கம் நிஜமாகவே உதவி செய்கிறது, ஒரே சீரான சூட்டில் அடம்பிடிக்கிற விதை இதில் விழிக்கும். அதனால் காலையில் பொத்தானைப் போடுங்கள், எட்டு மணி நேரம் ஓடட்டும், நின்ற பிறகு மூடியை மூடி ஒரு போர்வையைச் சுற்றி வீட்டுக்குள்ளேயே விட்டுவிடுங்கள். தண்ணீரில் இருக்கிற சூடு மெல்ல இறங்கும். அடுத்த நாள் மறுபடி. நான் இப்படித்தான் செய்கிறேன். சமையலுக்குப் பானை வேண்டும் என்றால் அந்தப் பதினாறு மணி நேரத்தில் கிண்ணத்தை வெளியே எடுத்துவிட்டுச் சமைக்கவும் செய்யலாம், சாம்பாருக்குத் தடை இல்லை.

இந்த முறையில் மிளகாய் ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் வேர்விடும். தக்காளி மூன்று நாலு நாள். ஊசிமிளகாய், நாகா மாதிரி அதிகக் காரமான வகைகள் இரண்டு மூன்று வாரம்கூட இழுக்கும், அவற்றைத் தனிப் பையில் போடுங்கள்.

வெள்ளையாக வேர் நுனி எட்டிப்பார்த்த அன்றே அந்த விதையை மண்ணுக்கு மாற்றுங்கள், எல்லா விதையும் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வேர் அரைச் சென்டிமீட்டருக்குள் இருக்கும்போது மாற்றுவது சுலபம், அதற்கு மேல் போனால் தொட்டாலே ஒடியும். பல் குத்தும் குச்சியின் முனையை நனைத்து விதையைத் தொட்டால் ஒட்டிக்கொண்டு வரும். வேரைப் பிடிக்காதீர்கள், விதை ஓட்டைத்தான் தொடலாம். தாளில் வேர் ஓடிவிட்டிருந்தால் பிய்க்க வேண்டாம், அந்த இடத்துத் தாளைக் கத்தரித்துத் தாளோடு நடுங்கள், அது மக்கிவிடும். ஈரமான கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கலவையில் ஒரு சென்டிமீட்டருக்கு உள்ளே, வேர் கீழ்நோக்கி. அந்தக் கலவையைக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி நனைக்காதீர்கள், பனிக்காலத்தில் இங்கே குழாய்த் தண்ணீர் ஐஸ் மாதிரி வரும், கதகதப்பான தண்ணீர் ஊற்றுங்கள்.

இனி ஓவன். இன்ஸ்டன்ட் பாட்டைவிட எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும், ஒரு முழுத் தட்டை மண்ணோடு உள்ளே வைக்கலாம். ஓவனைப் போடவே கூடாது, உள்விளக்கை மட்டும் போட்டுக் கதவை மூடிவிட வேண்டும். பழைய மாதிரி இழை பல்பு, 25 அல்லது 40 வாட், இருந்தால் சில மணி நேரத்தில் உள்ளே 28-இலிருந்து 35 டிகிரி வரை ஏறும். பல்புக்குப் பக்கத்தில் இன்னும் அதிகமாக இருக்கும், அதனால் தட்டைக் கீழ்க்கம்பியில் வையுங்கள். கூடினால் கதவு இடுக்கில் மரக்கரண்டியைச் செருகிக் கொஞ்சம் திறந்து விடுங்கள். உங்கள் ஓவனில் எல்ஈடி விளக்கு என்றால் இது வேலைக்கு ஆகாது, வெளிச்சம் வரும், சூடு வராது. விளக்கு எரிந்தும் உள்ளே சில்லென்று இருக்கிறதே என்று குழம்புபவர்களின் வீட்டில் எல்லாம் இதுதான் காரணம், மாவு புளிக்காததற்கும்தான்.

ஓவனில் வைத்தால் தயவுசெய்து குமிழ் மேல் டேப் ஒட்டி 'விதை உள்ளே' என்று எழுதுங்கள். நான் எழுதாமல் விட்ட வருடம் மகள் பள்ளியிலிருந்து வந்து பீட்சா சூடாக்க ஓவனை 200-இல் போட்டுவிட்டாள். பிளாஸ்டிக் தட்டு உருகிக் கம்பியில் வழிந்து, வீடெல்லாம் புகை. அந்தத் தட்டில் இருந்தது என் அம்மா கொடுத்த குண்டுக் கத்தரி விதை, வருடா வருடம் இங்கேயே காய்க்கவிட்டு எடுத்து வைத்துக்கொண்டு வந்தது. பாதியை மட்டும் விதைத்திருந்ததால் தப்பித்தது. அன்றிலிருந்து எந்த விதையையும் முழுக்க ஒரே நாளில் போடுவதில்லை, நீங்களும் போடாதீர்கள், எப்போதும் மூன்றில் ஒரு பங்காவது காய்ந்த விதையாகக் கையில் இருக்கட்டும்.

மற்ற சாமான்களைப் பற்றிச் சுருக்கமாக. ஃபிரிட்ஜ் மேல் வை என்று எல்லோரும் சொல்வார்கள், பழைய ஃபிரிட்ஜில் பின்னால் இருக்கும் கம்பிச்சுருளின் சூடு மேலே எழும், அதில் சரி. இப்போது வருகிறவற்றில் அந்தச் சுருளைப் பக்கச் சுவருக்குள்ளே வைத்துவிடுகிறார்கள், மேலே கை வைத்துப் பாருங்கள், சூடு இல்லையென்றால் அங்கே வைத்து ஒன்றும் ஆகாது. தயிர் போடும் தனி இயந்திரம் 40-ஐத் தாண்டும், மூடியைத் திறந்து துணி மேல் வைத்தால்தான் பயன்படும். பழம் உலர்த்தும் டிஹைட்ரேட்டர் குறைந்தபட்சச் சூடே 35, அதோடு காற்றும் அடிக்கும், தாள் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும், வேண்டாம். மைக்ரோவேவை ஓட்டக்கூடாது, ஆனால் அது நல்ல மூடிய பெட்டி. கொதிநீர் டம்ளர் ஒன்றை ஒரு மூலையில் வைத்து, விதைப் பையை மறு மூலையில் வைத்துக் கதவை மூடினால் சில மணி நேரம் கதகதப்பு நிற்கும். காலை ஒன்று மாலை ஒன்று என்று டம்ளரை மாற்றினால் போதும், வேறு எதுவுமே இல்லாத வீட்டுக்கு இதுவே உதவும்.

ஒரு எச்சரிக்கை. கடையில் வாங்கிய விதை ரோஸ், பச்சை, நீலம் என்று சாயம் பூசியது போல இருந்தால் அது பூஞ்சைக்கொல்லி மருந்து தடவிய விதையாக இருக்கலாம். அதைச் சமைக்கிற பாத்திரத்துக்குள்ளே எந்த வடிவத்திலும் கொண்டுபோகாதீர்கள், பையில் போட்டாலும் வேண்டாம். ஊறவைத்த தண்ணீரையும் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டாதீர்கள். அப்படிப்பட்ட விதைக்கு, நாற்றுத் தட்டுக்கு அடியில் விரிக்கிற மின்சாரச் சூட்டு விரிப்பான ஹீட் மேட்தான் வழி. சாயமில்லாத விதையாக இருந்தாலும் விதைக்கென்று ஒரு பழைய கிண்ணத்தைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள்.

எல்லா விதைக்கும் இந்தச் சூடு நல்லதில்லை. லெட்டூஸ் 30 டிகிரியைத் தாண்டினால் தூங்கப் போய்விடும், 35-இல் ஒன்றுகூட முளைக்காது, அதே விதை 20 டிகிரியில் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். பசலை வகையில் ஸ்பினாச், கொத்தமல்லி, கேரட், பட்டாணி எல்லாம் குளிர்ச்சியில் வருகிறவை, உங்கள் பேஸ்மென்டே அவற்றுக்குப் போதும். சூடு கேட்பவை மிளகாய், குடைமிளகாய், கத்தரி, தக்காளி, வெண்டை, பாகல், புடலை, பீர்க்கு, சுரை, வெள்ளரி, முருங்கை. வெண்டை 20 டிகிரியில் 17 நாள் எடுக்கும், 30-இல் ஏழு நாள், 35-ஐயும் தாங்கும், இந்தப் பட்டியலில் சூட்டுக்கு அதிகம் அஞ்சாதது அதுதான்.

பாகலும் புடலையும் சூடு கொடுத்தும் வரவில்லை என்று நிறையப் பேர் சொல்வார்கள். அங்கே பிரச்சினை ஓடு. நகவெட்டியால் விதையின் கூர்முனையில், உள்ளே இருக்கிற பருப்பைத் தொடாமல், ஓட்டில் மட்டும் சின்னதாக ஒரு கிள்ளு கிள்ளிவிட்டு, ஒரு ராத்திரி ஊறவைத்து, அப்புறம் ஈரத்தாளில் 30 டிகிரியில் வையுங்கள். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் வேர் வந்துவிடும். ஆனால் இவற்றை இப்போதே ஆரம்பிக்காதீர்கள். வேரை அசைத்தால் கோபித்துக்கொள்ளும் கொடிகள் இவை, வீட்டுக்குள் நீண்ட நாள் வைத்திருக்கவும் முடியாது, இரண்டு வாரத்தில் திரைச்சீலையைப் பிடித்து ஏறிவிடும். ஏப்ரல் கடைசி வாரத்தில் போட்டால் போதும். கறிவேப்பிலை விதையைப் பற்றியும் யாராவது கேட்பீர்கள், அது காய்ந்தாலே உயிர் போகிற விதை, பழுத்த பழத்தின் சதையை நீக்கி உடனே நட்டால்தான் உண்டு, பொட்டலத்தில் வருகிற காய்ந்த விதையை எந்தச் சூட்டில் வைத்தும் பயன் இல்லை.

நாள் கணக்கைக் கவனியுங்கள். டொராண்டோ பக்கம் மே மாதம் பாதி வரைக்கும் உறைபனி பயம் உண்டு, மே 25-க்கு முந்தின திங்கட்கிழமை வருகிற விக்டோரியா டே விடுமுறைக்குப் பிறகு நடுவதுதான் இங்கே வழக்கம், மிளகாய்க்கும் கத்தரிக்கும் அதற்கு மேலும் ஒரு வாரம் பொறுப்பது நல்லது. அதிலிருந்து எட்டு முதல் பத்து வாரம் பின்னோக்கி எண்ணினால் மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை, அதாவது இப்போது. தக்காளிக்கு ஆறு வாரம் போதும், ஏப்ரல் இரண்டாம் வாரம். சூட்டில் முளைக்க வைத்தால் இரண்டு வாரம் மிச்சமாகிறது, அந்த இரண்டு வாரத்தையும் நீங்கள் தாமதமாக ஆரம்பிக்கப் பயன்படுத்துங்கள், சீக்கிரம் ஆரம்பிக்கப் பயன்படுத்தாதீர்கள். ஏனென்றால் முளைத்த அன்றிலிருந்து வெளிச்சம் வேண்டும், பேஸ்மென்ட் ஜன்னல் வெளிச்சம் கொஞ்சமும் போதாது.

முளை மண்ணுக்கு மேலே வந்ததும் சூட்டை நிறுத்துவதும் அவ்வளவு முக்கியம். ஓவனுக்குள் தட்டு வைத்திருந்தால் காலையிலும் மாலையிலும் திறந்து பாருங்கள், முதல் வளைவு தெரிந்தாலே தட்டை வெளியே எடுத்து விளக்குக்குக் கீழே வையுங்கள். இருட்டும் சூடும் சேர்ந்தால் நாற்று ஒரே ராத்திரியில் நூல் மாதிரி நீண்டு சாய்ந்துவிடும், அதை அப்புறம் நிமிர்த்தவே முடியாது. வெளியே வந்த நாற்றுக்கு 20-லிருந்து 24 டிகிரி போதும், ஒரு நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் வெளிச்சம், குழல்விளக்கு மாதிரியான எல்ஈடியைத் தலைக்கு மேல் அரையடிக்குள் தொங்கவிட்டால்கூடப் போதும். ஈரத்தைக் குறைத்து, சின்ன மின்விசிறியை மெதுவாக ஓடவிடுங்கள். தண்டு மண்ணோடு சேரும் இடத்தில் இளைத்து, கருத்து, அப்படியே மடிந்து விழுந்தால் அது நாற்றழுகல், மேலே தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பதால் வருவது, விழுந்ததைக் காப்பாற்ற முடியாது, பக்கத்தில் இருப்பவற்றுக்கு ஈரத்தைக் குறைத்து அடியிலிருந்து மட்டும் தண்ணீர் காட்டுங்கள்.

ஹீட் மேட் வாங்கலாமா என்றால், வருடா வருடம் ஒன்றிரண்டு தட்டு நாற்று போடுபவராக இருந்தால் வாங்குங்கள். சாதாரண அளவுள்ள ஒன்று 20 வாட் பக்கம்தான் இழுக்கும், அறைச் சூட்டைவிட ஐந்து முதல் பத்து டிகிரி கூட்டும், தட்டை மண்ணோடு அப்படியே மேலே வைக்கலாம், ஓவனில் பீட்சா பயம் இல்லை. வைத்த சூடு வந்ததும் தானாக நிறுத்துகிற தெர்மோஸ்டாட்டோடு வாங்குங்கள். முப்பது விதைக்காக இந்த வருடமே வாங்க வேண்டிய அவசியம் இல்லை, உங்கள் வீட்டில் இருக்கிற பானையே போதும்.

கடைசியாக உங்கள் கையில் இருக்கிற டப்பாவும் தட்டும். ரைஸ் குக்கரில் வைத்த விதையை ஒன்றிரண்டு எடுத்து நகத்தால் அழுத்திப் பாருங்கள், மாவாக நசுங்கினால் போய்விட்டது, அந்த டப்பாவைக் கொட்டிவிடலாம். மண்ணில் போட்ட தட்டைக் கொட்டாதீர்கள். ஒரு மூலையில் கிளறி நாலு விதையைப் பாருங்கள், வழவழப்பு இல்லாமல் கெட்டியாக இருந்தால் அவை உயிரோடுதான் இருக்கின்றன, இவ்வளவு நாளாக ஊறிக் காத்திருந்ததால் சூடு பட்டதும் புது விதையைவிட முந்திக்கொண்டு வரும். இன்றைக்கே ஓவன் விளக்கு இழை பல்புதானா என்று பார்த்து, தட்டின் மேல் பிளாஸ்டிக் தாளைத் தளர்வாக மூடி, குமிழில் டேப் ஒட்டி, உள்ளே வையுங்கள். எல்ஈடி என்றால் அந்த விதைகளையே ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவி ஈரத்தாளுக்கு மாற்றி, பானையில் 'லெஸ்' போடுங்கள். மூன்றாம் நாளிலிருந்து தினமும் காலையில் பாருங்கள். கத்தரிதான் முதலில் வரும் என்று நினைக்கிறேன். வந்ததும் எத்தனை நாளாயிற்று, பானையில் எத்தனை டிகிரி நின்றது என்று எனக்கு எழுதுங்கள்.